தோல் ஜாக்கெட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்தில் உடைகளைப் பராமரிப்பது குறித்துத் தங்கள் இணைப்பிதழில் வந்த குறிப்புகளில் தோல் ஜாக்கெட்டைப் பற்றியும் சில வரிகள் இருந்தன. தேங்காய் எண்ணெய் தடவி, வெயிலில் காயவைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அந்துருண்டையோடு பீரோவில் மாட்டச் சொல்லியிருந்தது. மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர் இப்படிச் செய்தால் ஜாக்கெட் ஓரிரு வருடம் தாக்குப்பிடிக்கலாம். உதகை, குன்னூர், கொடைக்கானல் வாசிகள் செய்தால் ஐப்பசி அடைமழை முடிவதற்குள் பூசணம் பிடித்துவிடும். மலையில் தோல் ஜாக்கெட் உழைத்துத் தேய்வது குறைவு. ஈரத்திலும் கைவைத்தியத்திலும் கெடுவதுதான் அதிகம். எனவே இந்த விளக்கம்.

முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். உதகையில் பகல் வெப்பமே அந்த அளவைத் தாண்டும் நாட்கள் குறைவு. தலைக்குத் தேய்க்கவே பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி வைக்கிற ஊரில் அதை ஜாக்கெட்டில் தடவினால், மடிப்புகளிலும் தையல் ஓரங்களிலும் வெள்ளை வெள்ளையாக உறைந்து நிற்கும். தோலின் நிறம் திட்டுத்திட்டாகக் கறுக்கும். அதைவிட மோசம், எண்ணெய்ப்பசை கூடுதலாக உள்ள தோலில்தான் பூசணம் முதலில் வந்து உட்காரும்.

விளக்கெண்ணெய் தடவலாமே என்பார்கள். பழைய தோல் செருப்புக்கும், மாட்டுவண்டி வாருக்கும் அது சரி. அவை பட்டைச்சாற்றில் பதனிட்ட தடித்த தோல், எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஜாக்கெட் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. தேவையான எண்ணெயைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி, அதன் மேல் நிறமும் மெல்லிய பூச்சும் அடித்துத்தான் அனுப்புகிறார்கள். அதன் மேல் நாம் ஊற்றுவது உள்ளே இறங்காமல் மேலே பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், அல்லது ஊசித்துளை வழியாக லைனிங்கில் கறையாக இறங்கும். நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளின் மேல் வாட்டில் எனப்படும் சீகை மரங்களை வளர்த்தது தோல் பதனிடும் பட்டைக்காகத்தான். ஜாக்கெட் தோல் குரோமுக்கு மாறிவிட்டது, சீகை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அது வேறு வழக்கு.

தோலுக்கு ஏதாவது பூசியே ஆக வேண்டுமென்றால், தோல் ஆடைகளுக்கென்று விற்கும் லெதர் கண்டிஷனர் போதும். கம்பளிக் கொழுப்பு எனப்படும் லானோலினோ தேன்மெழுகோ கலந்த களிம்பாக இருந்தால் நல்லது. முழு ஜாக்கெட்டுக்கும் ஒன்றிரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஜாக்கெட்டின் மேல் நேராக ஊற்றாமல், பருத்தித் துணியில் தொட்டு, காலர், முழங்கை, தோள், கைவிளிம்பு ஆகிய இடங்களில் வட்டமாகத் தேய்த்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். முன்பட்டியின் உட்பக்கத்தில் சிறு இடத்தில் பூசி, ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை போதும். அதையும் மழைக்கு முன்னால் செய்யாமல், மழை ஓய்ந்து உறைபனிக் காலத்தின் வறண்ட காற்று வீசும் தை, மாசியில் செய்யுங்கள். ஸ்வேட் எனப்படும் சொரசொரப்பான தோலுக்கு எதையும் பூசக் கூடாது. பிரஷ் போட்டால் போதும். ஷூ பாலிஷை ஜாக்கெட் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அதன் மெழுகும் நிறமும் உடுத்தியிருக்கும் சட்டையில் ஒட்டும், பஸ் சீட்டிலும் ஒட்டும்.

அடுத்தது பூசணம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் தோலில் பூஞ்சை வளரும். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழையில் இந்தத் தொல்லை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழை வந்தால் சுவரே வியர்க்கும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோவின் பின்தகடு சில்லென்று இருக்கும். வீட்டுக்குள் சமையலாலும் மூச்சாலும் ஏறும் ஈரம் அந்தத் தகட்டில்தான் நீராகப் படியும். அதன் மேல் சாய்ந்தபடி தொங்கும் ஜாக்கெட்டின் முதுகில்தான் முதல் பூசணம் தெரியும். ஆகவே பீரோவைச் சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள். உட்சுவர் பக்கம் மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து, நடுவில் ஹேங்கர் கொக்கிக்கு ஓட்டை விட்டுப் போர்த்தினால் தூசி படாது, காற்றும் போகும். ஹேங்கரின் தோள்பகுதி ஒன்றரை, இரண்டு அங்குலம் அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பி ஹேங்கரில் சில மாதம் தொங்கினால் தோளில் முளைபோல் ஒரு புடைப்பு விழும். அதைப் பிறகு சரிசெய்வது கடினம். மடித்து வைத்தாலும் மடிப்புக்கோடு நிலைத்துவிடும்.

அந்துருண்டை பூச்சிக்கான மருந்து. பூசணத்தை அது ஒன்றும் செய்யாது. அதன் நாற்றம் தோலில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது என்பதுதான் மிச்சம். ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் வையுங்கள். ஷூ பெட்டியில் வரும் சின்னப் பொட்டலம் பீரோவுக்குக் காணாது. கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை வேண்டும். நிறம் மாறும் மணிகளாகப் பார்த்து வாங்குங்கள். நீலம், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். ஆனால் நீல மணிகளில் உள்ள கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது. ஈரமானால் பச்சையாக மாறும் ஆரஞ்சு மணிகளே நல்லது. நிறம் மாறியவற்றை 110 முதல் 120 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் மறுபடி பயன்படும். அந்தத் தட்டைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். கடைகளில் டப்பாவாக விற்கும் கால்சியம் குளோரைடு ஈர உறிஞ்சியும் வேலை செய்யும்தான். ஆனால் அதில் சேரும் உப்புநீர் தோலில் சிந்தினால் அந்த இடம் விறைத்துக் கறையாகும். பீரோவின் அடித்தட்டில், சாயாத இடத்தில் மட்டும் வைக்கலாம்.

மலையில் சில வீடுகளில் பீரோவுக்குள் பல்பு எரியவிடும் பழக்கம் உண்டு. உள்ளே இரண்டு மூன்று டிகிரி சூடு ஏறினாலே ஈரப்பதம் இறங்கும் என்பதால் அது நல்ல முறைதான். ஜீரோ வாட் என்று விற்ற பழைய இழை பல்பு உண்மையில் 15 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அந்தச் சூடு போதும். எல்.இ.டி. பல்பு போட்டால் வெளிச்சம்தான் கிடைக்கும். இழை பல்பைக் கம்பிக்கூண்டுக்குள், எந்தத் துணியும் படாத கீழ்மூலையில் வைக்க வேண்டும். அந்த இடவசதி இல்லாத பீரோவில் இதற்கு ஆசைப்படாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஜாக்கெட்டில் வெள்ளையாக எதைக் கண்டாலும் பூசணம் என்று பதறவும் வேண்டாம். குளிரில் தோலுக்குள் இருக்கும் கொழுப்பே மேலே வந்து வெண்மாவு போலப் படிவதுண்டு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கொழுப்பாக இருந்தால் உருகி மறைந்துவிடும். துணியால் துடைத்தால் தீர்ந்தது. பூசணம் அப்படியே இருக்கும், உற்றுப் பார்த்தால் நூல்நூலாகவோ வட்டப்புள்ளிகளாகவோ தெரியும், மக்கிய வாடையும் அடிக்கும்.

பூசணம்தான் என்றால் ஜாக்கெட்டை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் அதன் விதைகளை ஜாக்கெட் முழுவதும் நாமே பூசிவிட்டதாக ஆகும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து, லேசாக ஒற்றியெடுங்கள். ஆல்கஹால் சில நிறப்பூச்சுகளைக் கரைக்கும். முன்பே சொன்னதுபோல உட்பக்கத்தில் சோதித்துப் பார்க்காமல் தொடாதீர்கள். பைகளை வெளியே இழுத்துவிட்டு, லைனிங்கையும் அதே மாதிரி துடையுங்கள். தோலில் மட்டும் துடைத்து லைனிங்கை விட்டுவிடுவதால்தான் பலருக்குப் பத்தே நாளில் மறுபடி வந்துவிடுகிறது. நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு முழுநாள் உலர்த்துங்கள். பீரோவின் உட்பக்கத்தையும் துடைக்காமல் ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டினால் செய்ததெல்லாம் வீண்.

வெயில் விஷயம் சுருக்கமானது. மலையில் குளிர்கிறதே என்று வெயிலை இளக்காரமாக நினைக்கக் கூடாது. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. மாடிக் கொடியில் நான்கு மதியம் கிடந்தால் தோள்பட்டை மட்டும் வெளுத்துத் தெரியும்.

மழையில் நனைந்த ஜாக்கெட்டைக் கணப்பு அருகிலும் ரூம் ஹீட்டர் முன்னாலும் தொங்கவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய கொலை. தோல் என்பது கொல்லாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். உலர்ந்திருக்கும்போது தாங்கும் சூட்டை ஈரமாக இருக்கும்போது அது தாங்காது. இழைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், தோல் அட்டைபோல விறைக்கும். சுருங்கியதை எந்த எண்ணெயாலும் மீட்க முடியாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உதறி, துண்டால் ஒற்றி, பைகளைக் காலிசெய்து, ஜிப்பைத் திறந்து, அகல ஹேங்கரில் மாட்டி, ஹீட்டர் இல்லாத அறையில் மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். சாதாரண நாளில் ஒன்றரை நாள், அடைமழையில் மூன்று நாள்கூட ஆகும். கைகளுக்குள் பழைய பருத்தித் துண்டைச் சுருட்டி வைத்து, நனைந்ததும் மாற்றினால் சீக்கிரம் காயும். தங்கள் நாளிதழைக் கசக்கித் திணிப்பவர்களும் உண்டு. ஈரத்தை நன்றாகவே உறிஞ்சும், ஆனால் வெளிர்நிற லைனிங்கில் அன்றைய தலைப்புச் செய்தியின் மை இறங்கும் ஆபத்து இருக்கிறது.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், உதகை 2,240 மீட்டர். பைக்கில் வருகிறவர்கள் கீழேயே ஜாக்கெட்டை இறுக மூடிக்கொண்டு கிளம்புகிறார்கள். வியர்வை லைனிங் வழியாகத் தோலில் ஏறி, மேலே பனிமூட்டத்தில் காயாமலே நின்று, காலரிலும் அக்குளிலும் உப்புக்கறையாக வெளுக்கிறது. தோல் அந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். பர்லியார் தாண்டிக் காற்று குளிர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமே என்றால், அடுத்து வரும் விஷயம் குறுக்கே நிற்கிறது: விபத்துப் பாதுகாப்புக்காகப் போடுகிறவர் கழற்றக் கூடாது. அவர் வீடு சேர்ந்ததும் லைனிங்கை வெளிப்பக்கம் திருப்பி, வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தட்டும். கூடவே ஒரு எச்சரிக்கை. கடைவீதியில் அழகுக்காக விற்கும் ஜாக்கெட் பைக்குக்கான கவசம் ஆகாது. அதற்குத் தோல் 1.2 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். முக்கிய இடங்களில் இரட்டை, மூன்று வரித் தையல் வேண்டும். தோளிலும் முழங்கையிலும் இ.என். 1621 என்ற ஐரோப்பியத் தரத்தில் கவசத்துண்டு வைக்கும் பை வேண்டும். சாதாரண ஜாக்கெட் தோல் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர்தான், தாரில் உரசினால் நொடியில் கிழியும்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கொடைக்கானல் ஏரிச் சாலையிலும் உதகை கமர்ஷியல் சாலையிலும் சீசன் நேரத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு 'அசல் லெதர்' என்று மாட்டிவைத்திருப்பதைப் பார்க்கலாம். ஆண்கள் ஜாக்கெட் ஒன்றுக்குக் கழிவும் சேர்த்து 35 முதல் 40 சதுர அடி தோல் வேண்டும். ஓர் ஆட்டுத்தோல் ஐந்தாறு சதுர அடி வரும். அப்படியென்றால் ஏழெட்டு ஆட்டுத்தோல், பிறகு லைனிங், ஜிப், தையல்கூலி, கடை லாபம். இரண்டாயிரம் ரூபாயில் இது எப்படி முடியும் என்று அங்கேயே மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெக்சின் வாங்குவதில் தவறில்லை. ரெக்சின் விலைக்கு வாங்க வேண்டும். ஆனால் மலை ஈரத்தில் அதன் பாலியூரித்தேன் பூச்சு உள்ளுக்குள்ளேயே சிதைந்து, சில வருடத்தில் காலரிலிருந்து செதில் செதிலாக உதிரும். அதற்கு மருந்து கிடையாது.

கடைக்காரர் லைட்டரைக் கொளுத்திக் காட்டுவதையும், தண்ணீர் தெளித்துக் காட்டுவதையும் நம்பாதீர்கள். ஒரு நொடித் தீயை ரெக்சினும் தாங்கும். மேற்பூச்சு போட்ட நல்ல தோலிலும் தண்ணீர் நிற்காமல் ஓடும். வாசனையும் தெளித்துக் கொடுக்கிறார்கள். உட்பையின் வாயிலோ அடிமடிப்பிலோ வெட்டிய விளிம்பு தெரியும் இடத்தைத் தேடுங்கள். தோலாக இருந்தால் அடிப்பக்கம் ஸ்வேட் போல நார்நாராக இருக்கும். ரெக்சினில் பின்னல் துணி தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு: தோல் தூளைப் பசையில் குழைத்துத் துணியில் ஒட்டியது, விளிம்பை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். மேற்புறத்தில் கட்டைவிரலை அழுத்துங்கள். தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடும், எடுத்தால் மறையும். நுண்துளைகள் ஒரே அச்சாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது உருளையில் அழுத்திய வடிவம். 'ஜெனுயின் லெதர்' என்ற சீட்டு தரத்தைச் சொல்லாது. மேல்தோலை உரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அடித்தோலுக்குப் பூச்சடித்தாலும் அந்தச் சீட்டைக் குத்திவிடுகிறார்கள்.

ஈரமான வெள்ளைத் துணியால் காலரின் உட்பக்கத்தைப் பத்து முறை தேயுங்கள். நிறம் இறங்கினால் வேண்டாம். முதல் சாரலிலேயே சட்டை நாசமாகும். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். பில்லில் 'ஜாக்கெட்' என்று மொட்டையாக எழுத விடாமல், எந்தத் தோல் என்று எழுதி வாங்குங்கள். ஏமாற்றியது தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்ல அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

எந்தத் தோல் என்று கேட்டால், மலைவாசிக்கு என் ஓட்டு வெள்ளாட்டுத் தோலுக்குத்தான். செம்மறித் தோல் கைக்கு வெண்ணெய்போல இருக்கும், கழுத்தோரத்தில் சீக்கிரம் கிழியும். தேயிலைத் தோட்டத்திலும் பஸ் நெரிசலிலும் நாளெல்லாம் போடத் தோதில்லை. மாட்டுத்தோல் உறுதி, ஆனால் கனம், நனைந்தால் காய நாளாகும். வெள்ளாட்டுத் தோல் மெல்லியதாக இருந்தும் இழுவையைத் தாங்கும்.

அளவு பார்க்கப் போகும்போது வழக்கமாகப் போடும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போங்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். மார்பளவைவிட ஐந்தாறு அங்குலம் கூடுதலாக இருந்தால் ஸ்வெட்டர் பிடிக்காது. இரு கைகளையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். முதுகு இறுகினால் அந்த அளவு வேண்டாம். போடப்போட இளகும் என்பார்கள். முழங்கையிலும் மார்பிலும் கொஞ்சம் இளகும், தோளகலமும் கைநீளமும் மாறாது. துணிபோல் பிரித்துத் தைக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். தோலில் ஊசித்துளை மூடாது. உள்ளே பிடிக்கலாம், வெளியே விட முடியாது. இதே காரணத்தால் தையல் நெருக்கமாக இருப்பதும் குறைதான். அங்குலத்துக்கு எட்டிலிருந்து பத்து தையல் சரி. அதற்கு மேல் போனால் தபால்தலை ஓரம்போலத் துளைவரிசையிலேயே கிழியும்.

ஜிப் பல் விட்டுவிட்டால் முழு ஜிப்பையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது பல்லைக் கோக்கும் ரன்னர்தான். பழைய ரன்னரின் பின்பக்கம் பார்த்து எண்ணை அறிந்து, அதே எண் ரன்னர் போட்டால் சில ரூபாயில் வேலை முடியும். மழைக்காலத்தில் பித்தளைப் பல்லில் மெழுகுவத்தியை ஒரு முறை தேய்த்துவிட்டால் பச்சை பிடிக்காது, ஓட்டமும் இலகுவாகும். கிழிசலுக்கு நேராக ஊசி போட்டால் ஒவ்வொரு துளையும் புதுக் கிழிசலுக்கு வழி. லைனிங் ஓரத்தைப் பிரித்து, கிழிசலுக்கு அடியில் மெல்லிய தோல்துண்டை ரப்பர் சொல்யூஷனால் ஒட்ட வேண்டும். சொல்யூஷனை இரு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டுப் பிறகு அழுத்தினால்தான் பிடிக்கும். குளிரில் அந்தப் பதம் வர கீழ்நாட்டைவிட நேரம் பிடிக்கும். பொறுக்காமல் ஒட்டுவதால்தான் இங்கே ஒட்டு விடுகிறது.

டிரை கிளீனிங் கொடுப்பவர்கள், பட்டுப்புடவைக்கும் கோட்டுக்கும் போடும் அதே கரைப்பானில் தோலையும் போடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். அது அழுக்கோடு தோலுக்குள் இருக்கும் எண்ணெயையும் இழுத்துவிடும். ஜாக்கெட் இலேசாகி, காய்ந்த அப்பளம்போலத் திரும்பி வரும். தோலுக்கென்று தனியாகச் சுத்தம் செய்து, மறுபடி எண்ணெய் ஏற்றித் தருபவர்கள் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கடை ஊரில் இருந்தாலும் வேலை எங்கே நடக்கிறது, நிறம் மாறினால் யார் பொறுப்பு என்பதை ரசீதில் எழுதி வாங்கிய பிறகு ஜாக்கெட்டைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தோல் ஆடை தையல் மற்றும் பழுதுபார்ப்புத் தொழிலாளி,
குன்னூர்